தென்னைநார் தொட்டி ஒரு மழைக்கே பிளந்துட்டு, இதுதான் மக்குறதா?

கேள்வி: அண்ணே, நான் தக்கலையில இருக்கேன். மொட்டமாடியில செடி வைக்க மக்குற பிளாஸ்டிக்கும் தென்னைநாரும் கலந்த தொட்டி பன்னெண்டு வாங்குனேன், ஒண்ணு 180 ரூபா, லேபிள்ல பி.எல்.ஏ.ன்னு போட்டிருக்கு. ஆனி ஆடி மழை முடியல, அதுக்குள்ள விளிம்பு பிளந்து நார் தாடி மாதிரி தொங்குது. கடையில கேட்டா மக்குற சாமான்தானே, அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க. வாழைநார் போட்டது வாங்கலாமா, இல்ல இந்த வகையே வேண்டாமா?

பதில்: தங்கச்சி, கடைக்காரர் சொன்னது சரியில்ல. மக்குறது வேற, பிளக்குறது வேற. பி.எல்.ஏ.ங்கிறதுதான் அந்த மக்குற பிளாஸ்டிக், அது ஒழுங்கா மக்கணும்னா 58 டிகிரி பக்கம் சூடு இருக்கிற பெரிய உரக்கூடம் வேணும், நம்ம மாடித் தொட்டியில ரெண்டு மாசத்துல அது மக்காது. உங்க தொட்டியில நடந்தது நாரும் பிளாஸ்டிக்கும் ஒட்டாம போனது.

ஒரு துண்ட ஒடிச்சு வெயில்ல பிடிச்சுப் பாருங்க. ஒடிஞ்ச இடத்துல நார் நீளமா, சுத்தமா, பிளாஸ்டிக் ஒட்டாம உருவிக்கிட்டு நிக்கும், எதிர்த் துண்டுல அது இருந்த இடம் ஊசி குத்துன ஓட்டை மாதிரி தெரியும். அப்படின்னா ஒட்டவே இல்லன்னு அர்த்தம். நல்லா ஒட்டியிருந்தா நாரும் பிளாஸ்டிக்கோட சேந்து அதே இடத்துல அறுந்திருக்கும். அடுத்து எந்தத் தொட்டி வாங்குனாலும் கடையிலயே உடைஞ்ச பீஸ் ஒண்ணு கேட்டு இதப் பாத்துட்டு வாங்குங்க, நான் வேற எதையும் விட இதைத்தான் நம்புவேன்.

ஏன் ஒட்டலன்னா, நாருக்குத் தண்ணி பிடிக்கும், பி.எல்.ஏ.வுக்குப் பிடிக்காது. போதாக்குறைக்கு கதம்பையில (தேங்கா மட்டையில) இருந்து எடுக்கிற நார் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கு. மழையில நார் ஊதும், வெயில்ல சுருங்கும், இடைவெளி விழும், அந்த இடைவெளியில மறுபடி தண்ணி ஏறும், நமக்கோ ரெண்டு பருவ மழையும் உண்டு, அப்புறம் எப்படித் தாங்கும்? இதுக்கு வழி இல்லாம இல்ல. நாரை 5 சதவீதம் போல காஸ்டிக் சோடா கரைசல்ல ஊறவச்சுக் கழுவுனா மெழுகு போயி மேல்பக்கம் சொரசொரப்பாகும், உருகுன பிளாஸ்டிக் அதுல நல்லா பிடிச்சிக்கிடும் (ரொம்ப நேரம் போட்டா நாரே பலம் போயிரும், அதுவும் பாக்கணும்). அதோட மெலீயிக் அன்ஹைட்ரைடுங்கிற ரசாயனம் சேத்த பி.எல்.ஏ. கொஞ்சம் கலப்பாங்க, அது ஒரு பக்கம் நாரையும் இன்னொரு பக்கம் பிளாஸ்டிக்கையும் பிடிச்சிக்கிற பாலம். கலக்குறதுக்கு முன்னால நார் நல்லா காஞ்சிருக்கணும். ஈரத்தோட உருக்குனா ஆவி குமிழா நிக்கும், பி.எல்.ஏ.வும் அந்த ஈரத்துல சிதைஞ்சு பலம் போயிரும். இந்தச் செலவ மிச்சம் பிடிச்சா உங்க தொட்டி மாதிரிதான் வரும்.

வாழைநார் கேட்டீங்க. தோவாளையில பூக் கட்டுற நார் எவ்வளவு இழுத்தாலும் தாங்குறதப் பாத்திருப்பீங்க, தென்னைநாரை விட விறைப்பும் கூட. ஆனா அதுவும் தண்ணி குடிக்கும், பக்குவப்படுத்தாம கலந்தா இதே கதைதான். நாரை எதுல கழுவுனீங்க, காய வச்சீங்களான்னு கேளுங்க, பதில் இல்லன்னா மண்தொட்டியே வாங்குங்க. இன்னொண்ணு, பி.எல்.ஏ. 60 டிகிரிக்கு மேல இளகும், மாடி வெயில்ல கறுப்புக் கலர் வேண்டவே வேண்டாம்.

இப்ப பணத்த விடாதீங்க. பில், லேபிள் போட்டோ வச்சு கடைக்கு எழுத்துல புகார் குடுங்க. லேபிள்ல மக்கும்னு போட்டிருந்தா, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எங்கன்னும் சேத்துக் கேளுங்க. அசையலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க, அதுலயும் முடியலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள போகணும், 5 லட்சம் ரூபா வரைக்குள்ள பொருளுக்கு கட்டணமே கிடையாது. பிளந்த தொட்டியில ரெண்ட மட்டும் தூக்கிப் போடாம அந்த நார் தொங்குற விளிம்போட அப்படியே எடுத்து வைங்க, உங்களுக்கு சாட்சி அதுதான்.