பதில்: தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் 16 வயது மகளை மூளைத் தூண்டல் ஆய்வில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இப்போது போய்க்கொண்டிருக்கும் டிபிடி (உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும்) பேச்சு சிகிச்சையை நிறுத்திவிட்டு வேண்டாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்க அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. அமெரிக்காவில் 2024-ல் 15 வயது முதலே டிஎம்எஸ் (காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறை) அனுமதிக்கப்பட்டதுகூட மனச்சோர்வுக்குத்தான்.

நீங்கள் கேட்ட டிடிசிஎஸ்ஸில் (தலையில் வைத்த பஞ்சு வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை) வழக்கமாக 1–2 மில்லியாம்பியர், 20 நிமிடம். அரிப்பு, குறுகுறுப்பு சகஜம். உப்புநீர்ப் பஞ்சின் ஓரம் காய்ந்தால் மின்சாரம் ஓரிடத்தில் குவிந்து தோல் புண்ணாகும். சுட்டால் அவள் உடனே சொல்ல வேண்டும். வலியைப் பொறுத்துப் பழகிய பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போலித் தூண்டல் குழுவிலும் அவள் விழலாம்: தொடக்கத்தில் அரை நிமிடம் போல மின்சாரம் ஏறி, அடங்கிவிடும். பிறகு நிஜத் தூண்டல் உண்டா, நடுவில் தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே பார்ப்பது யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வலிப்பு, தலையில் உலோகம், மருந்துகள் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். அவளுக்கு மனமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.