நகையை வைப்பதற்கு முன் 7.5-ஐப் பாருங்கள்

உசிலம்பட்டியிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு, வணக்கம்.

பாப்பாவுக்குப் பொறியியல் கட்ஆஃப் 171. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடத்தில், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் தருகிறார்கள், ஹாஸ்டலோடு வருஷத்துக்கு 2 லட்சம் ஆகும், ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 அட்வான்ஸ் கட்ட வேண்டும், அதற்கு நகையை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சலிங் முடியும்வரை வைக்க வேண்டாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் காரணம்: ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அவள் படித்தது கள்ளர் பள்ளியில். கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அதனால் பொறியியல் கவுன்சலிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவளுக்குத் தகுதி உண்டு. பொறியியலுக்கு இது 2021-ல் வந்தது. இதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றும் அரசின் பொறுப்பு. சேருவது தனியார் கல்லூரியானாலும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்த 7.5 கிடையாது. உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தக் கட்டணச் சலுகையும் கிடையாது. ஆக, 50,000-த்துக்காக நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு வருஷத்தில் கையைவிட்டுப் போகப்போவது 8 லட்சம். இதை உங்களுக்கு சீட் பேசித் தரும் ஆள் சொல்ல மாட்டார், அவருக்குக் கமிஷன் அங்கேதான்.

இலவசமாகக் கிடைக்கிற சீட் மட்டமாக இருக்குமோ என்று சில பெற்றோர் நினைப்பதுண்டு. காசு கட்டிய பிள்ளையும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும், அதே அண்ணா பல்கலைக்கழகப் பட்டத்தைத்தான் வாங்கும்.

சரி, செலவு தீர்ந்தது என்று எந்தக் கல்லூரியிலாவது போட்டுவிடலாமா? கூடாது. 7.5-க்குத் தரவரிசை தனி. பொதுப் பிரிவில் 171-க்கு எட்டாத கல்லூரிகூட அதில் எட்ட வாய்ப்பிருக்கிறது. அதனால் சாய்ஸ் பட்டியலில் மேலே உள்ள கல்லூரிகளைத் தைரியமாகப் போடுங்கள். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி, போடி அரசுப் பொறியியல் கல்லூரி எல்லாம் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். கிடைக்கிறதா இல்லையா என்பதை கவுன்சலிங் சொல்லட்டும், நாமாக முன்கூட்டியே வெட்ட வேண்டாம்.

மற்ற கல்லூரிகளைப் பார்க்கும்போது மதுரை காளவாசல் பக்கம் பேனரில் இருக்கும் 'நூறு சதவீத வேலை'யை விட்டுவிடுங்கள். கல்லூரி இணையதளத்தில் என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) தரவு என்று ஒரு கோப்பு இருக்கும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் எல்லாம் அதில் வரும். பேனரில் இருப்பது ஒரே ஒரு பையனின் சம்பளம். இடைநிலைச் சம்பளம் என்பது வரிசையின் நடுவில் நிற்கிற பிள்ளை வாங்குவது. அப்புறம், படிப்பின் தரத்தைப் பார்த்துத் தரும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் தருவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. சிவிலுக்கு வாங்கிவிட்டு வாசலில் பெரிதாக எழுதிப்போட்டிருப்பார்கள். பாப்பா சேரப்போகும் துறைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏஐ என்ற பெயருக்காகக் கல்லூரியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு நன்றாக வரும், கம்ப்யூட்டர் அதிகம் தொட்டதில்லை என்கிறீர்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு நல்ல ஆசிரியர்கள் உள்ள கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), ஆசிரியர் அடிக்கடி மாறுகிற கல்லூரியின் ஏஐயைவிட மேல். ஈசிஇ படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

பெண்பிள்ளை, அதனால் தினமும் வீட்டிலிருந்தே போய்வரட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கல்லூரி மேலூர் ரோட்டுப் பக்கம் என்றால் ஊரைத் தாண்டி இன்னொரு பஸ். காலையும் மாலையும் அதிலேயே போய்விடும். தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் கஷ்டம், அரியர் விழுவதும் அங்கேதான். அந்த நேரத்தில் பாடம் கேட்கப் பக்கத்து அறையில் ஒரு அக்கா இருப்பது பெரிய உதவி. விடுதிக்கும் அரசே கட்டும்போது பஸ்ஸில் ஏன் அலைய வேண்டும்?

பொறியியலே வேண்டாம், கணக்குதான் படிப்பேன் என்று அவள் சொன்னால் மதுரையில் லேடி டோக், பாத்திமா கல்லூரிகள் இரண்டிலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஒரே வளாகத்தில் எய்டட் (அரசு உதவிபெறும்) பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். எந்தப் பிரிவு என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பிஎஸ்சி முடித்து எம்சிஏ போகும் வழியும் திறந்தே இருக்கிறது.

இத்தனைக்கும் மேல் பணம் தேவைப்பட்டால் நகைக்கு முன் கல்விக் கடனைக் கேளுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணையும் இல்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதை மறக்க வேண்டாம்.

இப்போதைக்கு வேலை ஒன்றுதான். நாளைக்கே பள்ளிக்குப் போய் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்ததற்கான சான்றை வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு தலைமையாசிரியரிடமும் வாங்க வேண்டும். டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலை எந்த ஏஜென்ட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சாய்ஸ் பட்டியல் போட்டதும், லாக் செய்வதற்கு முன் பாப்பாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். அவளிடமும் நான் கேட்க வேண்டியவை இருக்கின்றன.