எழுதின பகிடியா, வாயில் வந்த பகிடியா? பிடிக்கும் வழி

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பழைய ஆங்கிலச் சிரிப்புத் தொடர்களைப் போட்டுக் காட்டப் போகிறோம். நடிகர் அந்த இடத்திலேயே எடுத்துவிட்ட பகிடி எது, எழுதி வைத்தது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்:

பகிடி விடுகிறவரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கள். பாதி விசயம் அதிலேயே பிடிபடும்.

பழகிப் பார்க்க நல்லது, கரோல் பேர்னெட் என்ற அமெரிக்க நடிகையின் சிரிப்பு நிகழ்ச்சியில் 1969இல் வந்த பல் வைத்தியர் காட்சி. நோயாளிக்குப் போட வேண்டிய விறைப்பூசியை வைத்தியராக வரும் ரிம் கொன்வே தன்ர கையிலேயே குத்திக்கொள்வார். கை துவண்டு தொங்கும். பிறகு காலும் போய்விடும். முதல் தரம் கொன்வேயைப் பார்த்துச் சிரித்து முடியுங்கள். இரண்டாம் தரம் கதிரையில் இருக்கும் ஹார்வி கோர்மனை மட்டும் பாருங்கள். முகத்தைத் திருப்புகிறார், வாயைப் பொத்துகிறார், தோள் குலுங்குகிறது. பல்வலிக்காரன் சிரிக்கக்கூடாது என்பதால் சிரிப்பை வலியாக்கப் பார்க்கிறார், அதுவும் சரிவரவில்லை. எழுதின பகிடி என்றால் எதிரில் நிற்பவருக்கு அது வரும் நேரம் தெரியும், முகம் முன்னமே ஆயத்தமாக இருக்கும். தெரியாமல் வந்தால் அரைச் செக்கனாவது தடுமாறும்.

கொன்வேக்கு இவ்வளவு துணிவு எங்கிருந்து வந்தது? அந்த நிகழ்ச்சியை ஒரே நாளில், இரண்டு வேறு சபைக்கு முன்னால் இரண்டு தரம் பதிவு செய்வார்கள். கொன்வே முதல் பதிவில் எழுதினபடியே நடித்துக் கொடுத்துவிடுவார். இரண்டாவதில்தான் தன் கைச்சரக்கு. பிழைத்தாலும் முதல் பதிவு கைவசம் இருக்கும். எங்கட இசை நாடகத்தில் பபூன் ஊர்ப்பேரை இழுத்துப் பகிடி விட்டாலும் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறப்பதில்லை அல்லவா, அதே கணக்கு.

அதே நிகழ்ச்சியில் 1977இல் வந்த யானைக் கதையையும் போடலாம். தும்பிக்கை ஒட்டிப் பிறந்த இரட்டை யானைகளைப் பற்றிக் கொன்வே அளந்து விட, மற்ற எல்லாரும் குலைந்துபோவார்கள். கடைசியில் அம்மா வேடத்தில் இருக்கும் விக்கி லோரன்ஸ் ஒரே வசனத்தில் அவரையே கவிழ்த்துவிடுவார். அதில் கெட்ட வார்த்தை உண்டு. ஒளிபரப்பில் அது வரவில்லை, கழித்துவிட்ட பதிவில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த அடையாளம் கமெரா. எழுதின வசனத்துக்கு அது முன்கூட்டியே அந்த முகத்தில் போய் நிற்கும். வாயில் வந்ததற்குப் பிந்தித்தான் ஓடி வரும். 1978இல் தொடங்கிய 'மோர்க் அன்ட் மின்டி'யில் றொபின் வில்லியம்ஸ் எந்தப் பக்கம் பாய்வார் என்று தெரியாததால், வழக்கமான மூன்று கமெராவோடு அவரைத் துரத்தவே நாலாவது ஒன்றைப் போட்டார்கள்.

ஏமாறும் இடங்களும் உண்டு. 'ஐ லவ் லூசி'யில் 1952இல் வந்த ஓடும் பட்டியில் சொக்கலேட் வரும் காட்சி தற்செயலாக நடந்ததுபோல இருக்கும். ஆனால் லூசியாக வரும் லூசில் போல் ஒத்திகையில் விடாக்கண்டி, கையில் எடுக்கும் சாமானை எல்லாம் பழகிப் பழகித்தான் எடுப்பார். 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 பகுதிகளே வந்த 'ஃபோல்ட்டி டவர்ஸ்' இன்னும் மோசம்: அத்தனை குழப்பமும் ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் வாரக்கணக்காக இருந்து எழுதியது. என்னைக் கேட்டால் வாயில் வந்த பகிடியைவிட அதுதான் கடினம். நடிகர் சிரித்துவிட்டார் என்பதற்காகவும் அது புதுப் பகிடி ஆகிவிடாது. எழுதின வசனத்துக்கும் சிரிப்பு வெடிக்கும்.

சபைச் சிரிப்பை நம்பும்போதும் கவனம். உண்மையான சபை என்றால் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருப்பார். போர்க்கால ஆஸ்பத்திரியைப் பற்றிய 'மாஷ்' தொடருக்குச் சபையே இல்லை, சிரிப்பைப் பிறகு ஒட்டினார்கள். சத்திரசிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் ஒட்டவில்லை. சபை முன்னால் எடுத்த தொடர் ஒன்றையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் பெடியளுக்கு உடனே விளங்கும்.

இனித் திரை. இந்தப் பழைய தொடர்கள் 4:3 அளவில் எடுத்தவை. புது ரிவியோ புரொஜெக்டரோ படத்தை அகலமாக இழுக்கும், அல்லது பெருப்பித்து மேலும் கீழும் வெட்டும். வெட்டினால் முகபாவம், கை எல்லாம் போய்விடும். அளவை 4:3 என்று மாற்றி, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்க விடுங்கள். வீடியோ நாடாவில் எடுத்ததற்கு 480 என்ற படத்தரம் போதும், அதற்கு மேலே டேட்டா வீண். லூசி, மாஷ் போன்றவை 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்தவை, அப்படியானவற்றுக்குக் கூடின தரம் பிரயோசனம்.

மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் சபைச் சிரிப்பு இரைச்சலாகத்தான் கேட்கும், வெளிப் பெட்டி ஒன்றைப் பூட்டுங்கள். பற்றறி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி நாடகம் கேட்ட ஆட்களை முன்வரிசையில் இருத்துங்கள். மிதிக்கிறவர் சிரித்தால் வானொலி நின்றுவிடும் என்பதால் காதைக் கூராக வைத்துக் கேட்டவர்கள். ஒட்டின சிரிப்பை முதலில் பிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.