கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

வணக்கம் தோழர். புளியந்தோப்பில், கழிவுநீர்த் தொட்டிக்குள் கணவரைப் பறிகொடுத்த அக்கா கேமரா முன் பேச மறுக்கிறார், ஆவணப்படம் பாதியில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வற்புறுத்தாதீர்கள். ஏற்கெனவே எத்தனை பேரிடம் சொல்லி அழுதிருப்பாரோ!

முதலில் இழப்பீடு கிடைத்ததா என்று கேளுங்கள். 2014 தீர்ப்பில் 10 லட்சமாக இருந்ததை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. வரவில்லையென்றால் மனு எழுத உதவுங்கள். படத்தோடு அதை முடிச்சுப் போடாதீர்கள்.

அப்புறம் அவரே சம்மதித்தால் குரலை மட்டும் பதியுங்கள். வியாசர்பாடியில் ஒரு அம்மா குழாயடியில் குடம் நிரம்பும் சத்தத்தோடு பேசியதைப் பதிந்தேன். முகம் தேவைப்படவே இல்லை. எடிட் செய்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள்.