போன பிறவி நினைவில்லை, பிறகு ஏன் இந்தத் துன்பம்?

நாம் செய்த வினையின் பலன் நம்மிடமே திரும்பி வருவதுதான் கர்மா. சைவ சித்தாந்தத்தில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இன்று புதிதாகச் சேர்வது ஆகாமியம். ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள்: குடோனில் பழைய இருப்பு, அதிலிருந்து இன்று விற்க எடுத்த மூட்டை, தோட்டத்தில் ஊன்றியிருக்கும் விதை மஞ்சள்.

சரி, மறதி ஏன்? நினைவு இந்த உடம்போடு போய்விடும். வினை உயிரோடு தொடரும். எந்தப் பாத்தியில் விளைந்தது என்று மூட்டையில் எழுதியிருக்காது, ஆனாலும் தரத்துக்கேற்ற விலைதான் கிடைக்கும்.

துன்பத்தை அனுபவிக்க அனுபவிக்க, உயிரின் அறிவை மறைத்திருக்கும் ஆணவம் என்ற அழுக்கு பக்குவப்பட்டுக் கழலும். அதனால்தான் சித்தாந்திகள் துன்பத்தையும் மறக்கருணை, அதாவது கண்டிப்பாக வரும் இறைவனின் கருணை என்கிறார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இது.

அப்புறம், 'அவன் விதி, படட்டும்' என்று ஒதுங்கச் சொல்கிறது கர்மா என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒதுங்குவதும் நம் ஆகாமியத்தில்தான் சேரும்.