பாட்டு தெரியும், எழுதினவரைத் தெரியுமா? வாசகர் கேள்வி–பதில்

'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன், புயலில் சிக்கிய ராத்திரியே மனந்திரும்பி அடிமை வியாபாரத்தை விட்டுவிட்டார் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். நிஜமா?
– வாசகர், நாசரேத்

புயல் நிஜம். 1748 மார்ச்சில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அட்லாண்டிக்கில் மாட்டிக்கொண்டார். கப்பலுக்குள் தண்ணீர் ஏற ஏற பம்ப் அடித்துக்கொண்டே ஜெபம் செய்ததும் நிஜம். 'விட்டுவிட்டார்' என்பதுதான் பிரசங்கியாரின் அவசரம். அதற்கு அப்புறம்தான் ஐயா அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகவே ஆனார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணம். கீழ்த்தட்டில் ஆப்பிரிக்கர்கள் விலங்கோடு கிடக்க, மேலே மாலுமிகளைக் கூட்டி ஞாயிறு ஆராதனை நடத்தியிருக்கிறார், அது அப்போது அவருக்கு உறுத்தவில்லை. கடல் தொழிலை விட்டதுகூட திடீரென்று வலிப்பு வந்து உடம்பு படுத்தியதால்தான். பிறகு லிவர்பூலில் சுங்க வேலை, 1764-இல் ஓல்னி என்ற சின்ன ஊரில் குருவானவர். அங்கே 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது இந்தப் பாட்டு. அடிமை வியாபாரத்தை எதிர்த்து, தன் பழைய தொழிலுக்கு வெட்கப்பட்டு, அவர் பகிரங்கமாகப் பிரசுரம் போட்டது 1788-இல், அதாவது புயல் அடித்து நாற்பது வருஷம் கழித்து. 1807-இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது, அதே வருஷக் கடைசியில் கண்ணை மூடினார். ஒரே ராத்திரியில் மாறினவரைக் காட்டிலும் நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டவரை நம்ப எனக்குச் சுலபமாக இருக்கிறது; அரை மணி நேரப் பிரசங்கத்துக்கு அது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அந்த மெட்டு? அதற்கும் நியூட்டனுக்கும் சம்பந்தமில்லை. பாட்டையும் மெட்டையும் 1835-இல் அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் என்பவர் சேர்த்து வைத்தார்.

வேதநாயக சாஸ்திரியாரும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளையும் ஒருவர்தானா? வீட்டில் பந்தயம்.
– வாசகி, தூத்துக்குடி

இருவர். பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். நாவல் எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் (1826–1889), அவரும் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடி வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர் (1774–1864), திருநெல்வேலிச் சீமையில் பிறந்து சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மானிய மிஷனரியோடு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தவர். அதே சுவார்ட்ஸ் ஐயரின் கவனிப்பில் வளர்ந்த இன்னொரு பையன்தான் பின்னாளில் சரபோஜி மன்னர்! குறத்தி, குறி சொல்லுதல், சிங்கன்–சிங்கி எல்லாம் அப்படியே இருக்க, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார் சாஸ்திரியார். கலியாண வீட்டில் 'சீரேசு நாதனுக்கு ஜெயமங்களம்' பாடுகிறோமே, அதுவும் அவருடையதுதான். ஆனால் 1820-களின் கடைசியில், கிறிஸ்தவக் கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஒழிக்க வந்த மிஷனரிகளோடு, வழக்கத்துக்கு ஆதரவாக மல்லுக்கு நின்றவரும் இவரே. விழா மலர்களில் இந்தப் பக்கத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

'சத்தாய் நிஷ்களமாய்' பாடும்போது ஏதோ தேவாரம் மாதிரி இருக்கிறதே?
– வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் காது சரியான காது. சுந்தரரின் 'பொன்னார் மேனியனே' பதிகத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு உடனே இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரே நடை. சுந்தரர் 'அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே' என்று முடிக்கிற இடத்தில் இவர் 'அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே' என்கிறார். எழுதியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1827-இல் நெல்லைப் பக்கம் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, தமிழ் வாத்தியார் வேலைக்காக மிஷன் பள்ளிக்குப் போய், 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். மதம் மாறினார், படித்த தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அப்பர், சுந்தரர், கம்பர் எல்லாரும் அவரோடு கூடவே கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' என்ற ஆங்கிலக் கதையைத் தழுவி 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' காவியத்தைப் புரட்டினால் கம்பர் வாசனை மூக்கில் ஏறும். முழுசாகப் படித்தவர்கள் குறைவு, படிக்கலாம்.

'பாவ சஞ்சலத்தை நீக்க' தமிழ்ப் பாட்டா, மொழிபெயர்ப்பா?
– வாசகி, மதுரை

மொழிபெயர்ப்பு. மூலம் ஜோசப் ஸ்கிரிவன், அயர்லாந்துக்காரர். கலியாணத்துக்கு முதல்நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோக, பிற்பாடு கனடாவில் போய்க் குடியேறினார். 1855-இல் ஊரில் இருந்த அம்மாவுக்கு ஆறுதலாக எழுதி அனுப்பிய கவிதை இது. அச்சில் போட்டுப் பேர் வாங்கும் நினைப்பே இல்லாததால், பாட்டு பரவின பிறகும் எழுதியவர் யாரென்று வெகுநாள் பலருக்குத் தெரியாது. மெட்டு 1868-இல் சார்லஸ் கான்வெர்ஸ் போட்டது.