விண்டோஸ் 11-இல் பழைய ஸ்கேனர்: ‘இந்த சிஸ்டத்துக்குப் பொருந்தாது’ என்று செட்டப் நின்றால்

செட்டப்பை விட்டுடுங்க, ஐஎன்எஃப் ஃபைலை (டிரைவரை எப்படி நிறுவ வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் .inf ஃபைல்) நேரடியாகக் காட்டுங்க. டிரைவர் ஜிப்பைப் பிரித்து, டிவைஸ் மேனேஜரில் ஸ்கேனர் மேல் ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ், ‘லெட் மீ பிக்’, ‘ஹேவ் டிஸ்க்’.

பெரும்பாலும் செட்டப் விண்டோஸ் 7 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுக்கிறது. டிரைவர் நன்றாகவே இருக்கலாம்.

முதலில் அந்த ஐஎன்எஃப்-ஐ நோட்பேடில் திறந்து ‘NTamd64’ (64 பிட் டிரைவருக்கான அடையாளம்) என்று தேடுங்க. இல்லையென்றால் அது 32 பிட் டிரைவராகத்தான் இருக்கும். விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே, ஏறவே ஏறாது. கம்பாட்டிபிலிட்டி மோடும் உதவாது. அது செட்டப்பை ஏமாற்றத்தான் லாயக்கு.

ஏறியபின் டிவைஸ் மேனேஜரில் கோட் 52 என்ற பிழை வந்தால் டிஜிட்டல் கையெழுத்துச் சிக்கல். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் அந்தச் சோதனையை அணைக்கலாம், ஆனால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும். இதற்காக செக்யூர் பூட்டை (கணினி தொடங்கும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) நிரந்தரமாக அணைக்காதீங்க.